மண் போகாத ரோமானியக் காசுகள் இருபது: கழுவியது, படித்தது, பெயர் கண்டது

நாலாம் நூற்றாண்டு ரோமானியச் செம்புக் காசு ஒன்று, எந்த ஊரில் அடித்தது என்று தெரியாமல் பல வாரமாக என்னை இழுத்தடித்தது. போன வாரம் அது பிடிபட்டது. அதோடு சேர்த்து வாங்கிய இருபதில் பதினாறுக்குப் பெயரும் காலமும் எழுதி உறையில் போட்டாயிற்று. மூன்று இனிமேல் படிக்க வராது. ஒன்று நோய் பிடித்துத் தனி டப்பாவில் இருக்கிறது. மறப்பதற்கு முன்னால் செய்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பேரரசரின் முகத்தைத் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். பின்பக்கத்து உருவமும் அதன் அடியில் இருக்கும் நாலைந்து எழுத்தும்தான் வழி காட்டும், சுத்தம் செய்வதே அதைப் படிப்பதற்காகத்தான்.

வாங்கியது லண்டனில் ஒரு நாணயச் சந்தையில், 48 பவுண்டுக்கு. கிலோக் கணக்கில் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் எந்த நாட்டில் யார் எந்த வயலைத் தோண்டி எடுத்தார்கள் என்றே தெரியாத சரக்கு அது. புதையலாகக் கிடைத்த காசுகளைப் பிரித்து விற்றுவிட்டால், எதோடு எது கிடந்தது, எந்த ஆண்டோடு அந்தக் குவியல் நிற்கிறது என்பதெல்லாம் திரும்ப வராது. எனக்கு அது பொறுக்காது. அதனால் இது பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஊரில் இருந்து படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் ஒன்று உண்டு. ஆற்று மணலிலோ தோட்டத்திலோ பழங்காசு கிடைத்தால் அதைக் கழுவ உட்காரக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிடும்.

கழுவுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் அளந்தேன், நிறுத்தேன். டிஜிட்டல் வெர்னியர் 12 பவுண்டு, 0.01 கிராம் வரை காட்டும் குட்டித் தராசு 9 பவுண்டு. மண்ணோடு நிறுத்தால் எடை கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனாலும் பிரித்து வைக்க அது போதும். பெரும்பாலானவை 15 முதல் 19 மி.மீ. வரை, எடை இரண்டு கிராமைச் சுற்றி. இரண்டு மட்டும் மிகப் பொடி: 13 மி.மீ., ஒரு கிராம். ஒன்று எதோடும் சேரவில்லை: குறுக்களவு 17 மி.மீ.தான், எடையோ 6.2 கிராம், ஓரத்தில் வெர்னியரை வைத்தால் கனம் நாலு மி.மீ.க்குப் பக்கத்தில் காட்டியது. அதைத் தனியாக எடுத்து வைத்தேன்.

அப்புறம் ஊறவைத்தல். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பும் குளோரினும் அதிகம், பழைய செம்புக்குக் குளோரின் ஆகாது. அதனால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்கினேன், பத்து பவுண்டு. காசுக்கு ஒரு சின்ன டப்பா, மூடியில் எண். மொத்தமாக ஒரே பாத்திரத்தில் போட்டால் எந்த எடை எந்தக் காசுடையது என்பதும் குழம்பும், ஒன்றின் உப்பு இன்னொன்றிலும் ஏறும். தண்ணீர் பழுப்பாகும்போதெல்லாம் மாற்றினேன், மாற்றும்போது மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, மூங்கில் குச்சியின் முனையால் எழுத்துகளுக்கு நடுவே அப்பியிருந்த மண்ணைத் தள்ளிவிட்டேன். பாதிக்கு மேல் இதற்கே வழிக்கு வந்துவிட்டன. இன்னொரு விஷயம், ஈரமாக இருக்கும்போது காசில் தெரிவது காய்ந்ததும் மறைந்துவிடும். அதனால் தண்ணீரிலிருந்து எடுத்த உடனே, செல்போன் டார்ச்சைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சத்தை மெதுவாகச் சுற்றி நகர்த்திப் படம் எடுத்துக்கொண்டேன். நேராக மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் வெறும் தட்டாகத் தெரிந்த காசில், சரிந்த வெளிச்சத்தில் சிப்பாயின் கால் தெரிந்தது.

மீதியில் நாலைந்தை ஆலிவ் எண்ணெயில் போட்டேன். சேகரிப்பாளர்கள் காலங்காலமாகச் செய்வது, எண்ணெயில் இருக்கும் லேசான அமிலம் களிம்பை இளக்கும் என்பது கணக்கு. மாதக்கணக்கில் ஊறிய பிறகும் பெரிதாக ஒன்றும் பெயரவில்லை, காசுகள் கறுத்துப் பிசுபிசுத்ததுதான் மிச்சம். அசிட்டோனில் அலசி எண்ணெயை எடுக்க இன்னொரு சுற்று வேலை. இனி எண்ணெய் பக்கம் போக மாட்டேன். எலுமிச்சைச் சாறு, வினிகர் இரண்டையும் கிட்டவே சேர்க்கவில்லை. அவை களிம்போடு சேர்த்து அடியில் இருக்கும் படலத்தையும் தின்றுவிடும். இந்தக் காசுகளில் மேலே மண், அதன் கீழே சொரசொரப்பான பச்சைக் களிம்பு, அதற்கும் கீழே வழுவழுப்பாக ஒரு கரும்பச்சைப் படலம் இருக்கும். எழுத்தும் உருவமும் இன்றைக்கு நிற்பது அந்தப் படலத்தில்தான். அது போனால் கீழே குழி விழுந்த செம்புதான் இருக்கும், அதில் படிக்க ஒன்றும் இருக்காது.

ஆகவே கடைசிக் கட்டம் கைவேலை. யூஎஸ்பி மைக்ராஸ்கோப் 28 பவுண்டு, மூன்றாம் நம்பர் ஸ்கேல்பல் பிடியும் பதினைந்தாம் நம்பர் பிளேடுகளும் 7 பவுண்டு, கண்ணாடி நார்ப் பேனா (நுனியில் மெல்லிய கண்ணாடி இழைக் கட்டு, அதால் தேய்ப்பது) ஒன்று 4 பவுண்டு. கண்ணாடி நார்ப் பேனாவில் எனக்கு நம்பிக்கை இல்லை. முறிந்த நார் விரலில் ஏறி நாள் முழுக்கக் குத்தும், காசின் மேலும் பளபளவென்று கீறல் போடும், கையுறையும் கண்ணாடியும் போடாமல் தொடவே கூடாது. ஸ்கேல்பல்தான் உருப்படி. வெட்டுகிற மாதிரிப் பிடிக்கக் கூடாது. பிளேடின் வளைந்த வயிற்றைக் காசின் மேல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, எழுத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். களிம்பு சரியான இடத்தில் விட்டால் சின்னச் செதிலாகத் தெறிக்கும், அடியில் வழுவழுப்பு தெரியும். தூளாக உதிர்ந்தால் படலத்தையே சுரண்டுகிறோம் என்று பொருள், அங்கே உடனே நிறுத்த வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் கை சொன்னபடி கேட்பதில்லை.

இனி படிக்கும் பகுதி, எனக்கு மிகப் பிடித்த பகுதி. 330-களின் காசுகளில் பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவருடைய மூன்று மகன்களும் வருகிறார்கள்: இரண்டாம் கான்ஸ்டன்டைன், இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ். நாலு பேருக்கும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வலப்பக்கம் பார்க்கும் முகம், பெயரோ ஒன்றிரண்டு எழுத்தில்தான் வேறுபடும். வாசகத்தில் பாதி தேய்ந்திருந்தால் முகத்தை வைத்து யார் என்று சொல்வது ஊகம்தான். பின்பக்கம் அப்படி இல்லை. இரண்டு சிப்பாய்கள் எதிரெதிரே நின்று நடுவில் கொடிக்கம்பம் இருந்தால் அது ‘குளோரியா எக்ஸெர்கிடுஸ்’, படையின் பெருமை. கம்பத்தை எண்ண வேண்டும். இரண்டு இருந்தால் 330–335, ஒன்றுதான் என்றால் 335–341, எடையும் அதற்கேற்ப இறங்கியிருக்கும். ஓநாயும் அதனடியில் இரண்டு குழந்தைகளும் இருந்தால் ரோம் நகரத்துக்காக அடித்தது. கப்பல் முனையில் கால் வைத்து நிற்கும் வெற்றித் தேவதை என்றால் கான்ஸ்டான்டிநோபிளுக்காக அடித்தது. இரண்டும் 330-இல் தொடங்கியவை, புதுத் தலைநகரைத் திறந்து வைத்த வருடம். சிப்பாய் ஒருவன் குதிரையிலிருந்து சரியும் எதிரியை ஈட்டியால் குத்தினால் ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’, நல்ல காலம் திரும்பியது என்பது, 348-இல் தொடங்கியது. பேரரசர் ஒரு கைதியை முடியைப் பிடித்து இழுத்தாலோ, வெற்றித் தேவதை மாலையோடு இடப்பக்கம் நடந்தாலோ வாலன்டினியன், வாலன்ஸ், கிரேஷியன் காலமாக இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது 364-க்குப் பிறகு. வாசகத்தில் ஓரெழுத்துகூடத் தெரியாமலே பத்து வருடத்துக்குள் காலத்தைச் சொல்ல முடிகிறது என்பது முதலில் எனக்கே நம்ப முடியாததாக இருந்தது. என் பொட்டலத்தில் சிப்பாய் காசு ஐந்து, குதிரைவீரன் மூன்று (நோய்ப்பட்டது தனி), நகரக் காசு வகைக்கு ஒன்று, வாலன்டினியன் காலத்தவை மூன்று.

முகத்தில் ஒன்றை மட்டும் பார்க்கலாம், தலையில் என்ன இருக்கிறது என்பதை. இந்த வகைச் சிப்பாய் காசுகளில் பேரரசர் நெற்றிப்பட்டம் கட்டியிருப்பார், பட்டத்து இளவரசராக சீசர் நிலையில் இருக்கும் மகன்களுக்கு இலைமாலைதான். கழுத்துக்குப் பின்னால் தொங்கும் முடிச்சுக்கு மேலே மணி கோத்த பட்டையா, இலை அடுக்கா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நாலு பேரில் பாதி கழிந்துவிடும்.

அடுத்தது அடிவரி. உருவங்கள் நிற்கும் கோட்டுக்குக் கீழே இருக்கும் எழுத்துகள், காசு எந்த ஊர் அக்கசாலையில் எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். ‘எஸ்எம்’ என்று தொடங்கினால் அடுத்து வருவது ஊர். ‘ஏஎன்’ என்றால் அந்தியோக்கியா, ‘ஏஎல்’ என்றால் அலெக்சாந்திரியா, ‘ஏகியூ’ என்றால் வட இத்தாலியின் அக்விலேயா, ‘எச்’ என்றால் ஹெராக்ளியா. ‘டிஆர்’ ஜெர்மனியின் டிரியர். ‘பிஎல்என்’ இருந்தால் லண்டன், ஆனால் அது இந்தப் பொட்டலத்தில் வரவே வராது, லண்டன் அக்கசாலையை 325 வாக்கில் மூடிவிட்டார்கள். வாலன்டினியன் காலக் காசு ஒன்றில் ‘பி-சிஸ்க்’ என்று தெளிவாகவே நின்றது. அது சிஸ்கியா, இன்றைய குரோஷியாவின் சிசாக். அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமானியப் பேரரசுக் காசுகளின் பட்டியலை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. ஆட்சியாளர், ஊர், பின்பக்க வாசகம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துக் குறைத்துக்கொண்டே போகலாம்.

இப்போது இழுத்தடித்த காசுக்கு வருகிறேன். 17.6 மி.மீ., 2.38 கிராம். இரண்டு சிப்பாய், இரண்டு கம்பம், கம்பங்களுக்கு நடுவே சின்ன வளையம் ஒன்று, அது ஒரு மாலை. முன்பக்கம் இலைமாலைத் தலை, இளவரசர். வாசகத்தின் பிற்பகுதியில் ‘இளையவர்’ என்பதற்கான மூன்று லத்தீன் எழுத்து தெரிந்தது, ஆக இரண்டாம் கான்ஸ்டன்டைன் என்பதில் சந்தேகமில்லை. அடிவரியில் ‘கான்ஸ்ட்’ என்று நல்ல எழுத்து. கான்ஸ்டான்டிநோபிள் என்று குறித்துக்கொண்டு பட்டியலில் அந்த ஊரைத் திறந்தால், எல்லாம் இருக்கிறது, நடுவில் மாலை வைத்த காசு மட்டும் இல்லை. வளையம் ஒருவேளை களிம்பின் குமிழோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை, அது அச்சிலேயே இருந்த மாலைதான். பட்டியலில் விட்டுப்போயிருக்குமோ என்றுகூடத் தோன்றியது.

கோளாறு மாலையில் இல்லை, கடைசி எழுத்தில் இருந்தது. கான்ஸ்டான்டிநோபிள் காசில் ‘கான்ஸ்’ என்று நாலு எழுத்து முடிந்ததும் பட்டறையின் எண் வரும், கிரேக்க எழுத்தில்: ஆல்பா, பீட்டா, காமா என்று. என் காசில் நாலாவது எழுத்துக்குப் பிறகு ‘டி’ இருக்கிறது. பட்டறை எண்ணாக அங்கே அது பொருந்தாது. கிழக்கில் எண் பின்னால் வரும், இதில் பின்னால் இல்லை என்றால் முன்னால் இருக்க வேண்டும். முன்னாலோ, முதல் லத்தீன் எழுத்தான ‘சி’-க்கு இடப்பக்கம் இரண்டு மி.மீ. அகலத்துக்குக் கல் மாதிரி ஒரு பச்சைக் கட்டி. அந்த இடத்தை மட்டும் குறிவைத்து வேலை செய்தேன். கட்டியின் மேல் ஒரு சொட்டு டிஸ்டில்ட் வாட்டர், அது ஊறும்வரை காத்திருப்பு, பிளேடால் ஓரத்திலிருந்து ஒரு செதில், மறுபடி சொட்டு. முதலில் நேர்க்கோடு ஒன்று தெரிந்தது. ‘ஐ’ ஆகவும் இருக்கலாம். இன்னும் இரண்டு செதில் போனதும் கோட்டின் தலையில் வலப்பக்கமாக ஒரு வளைவு வந்தது. ‘பி’. பி-கான்ஸ்ட்.

அது பிரான்சின் தெற்கே இருக்கும் ஆர்ல். ரோன் நதிக்கரை ஊர். 328-இல் அந்த ஊருக்குப் பேரரசர் குடும்பப் பெயரை ஒட்டி கான்ஸ்டன்டினா என்று பெயர் வைத்தார்கள், அடிவரியும் அதோடு மாறியது. ‘பி’ முதல் பட்டறை, ‘எஸ்’ இரண்டாவது. பட்டியலில் ஆர்லைத் திறந்ததும் அதே மாலையோடு காசு உட்கார்ந்திருந்தது. ஆர்லில் மாலை, ஈச்சங்கிளை, நட்சத்திரம் என்று நடுவில் குறி வைத்து, வெளியீட்டுக்கு வெளியீடு மாற்றியிருக்கிறார்கள். நான் தொந்தரவாக நினைத்த வளையம்தான் உண்மையில் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டியின் மிச்சத்தையும் காசின் மற்ற பகுதிகளில் இருக்கும் பச்சையையும் அப்படியே விட்டுவிட்டேன். படிக்க வேண்டியதைப் படித்தாயிற்று, அழகுக்காக இன்னும் சுரண்டினால் நட்டம்தான்.

கனமான 6.2 கிராம் காசைப் பற்றி: ரோமானியப் பட்டியலில் எத்தனை நாள் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. நாலாம் நூற்றாண்டு ரோமானியக் காசு இந்த அகலத்துக்கு இவ்வளவு தடிமனாக வருவதில்லை. களிம்பு போனதும் பின்பக்கத்தில் குதிரைமேல் அம்மணமாக ஓர் இளைஞன், அவன் தலைக்கு மேலே கிரேக்க எழுத்துகள்: ஃபி, அயோட்டா, லாம்டா. முன்பக்கம் தலைமுடியில் பட்டை கட்டிய அப்போலோ. மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப், அலெக்சாந்தரின் அப்பா. பொட்டலத்தில் மற்றவற்றைவிட அறுநூறு எழுநூறு வருடம் மூத்தது. பிலிப்பின் இந்த வகைக் காசில் ஊரைச் சொல்லும் அடிவரி கிடையாது, எழுத்தும் குறைவு. உருவமும் எடையும் உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குறிகளும்தான் ஆதாரம். குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஏதோ ஒரு குறி இருக்கிறது, அது தேய்ந்து போயிருக்கிறது, அதனால் துல்லியமான வகை எண் போடவில்லை.

பொடிக் காசு இரண்டும் எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். 13 மி.மீ., வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்துகொண்டு ஒரு கைதியை இழுத்துப் போகிறாள், இடப்பக்கம் கிறிஸ்துவின் முதல் இரண்டு கிரேக்க எழுத்தும் பின்னிய குறி. ‘சாலுஸ் ரெயிபுப்ளிகே’, நாட்டின் நலம், 388-க்குப் பிறகு. அச்சைவிடத் தகடு சிறியது, அதனால் வாசகத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விடும், எவ்வளவு சுத்தம் செய்தாலும் வராது. தியோடோசியஸா, ஆர்க்கேடியஸா என்று என்னால் பிரிக்க முடியவில்லை, வகையை மட்டும் எழுதினேன். இந்தப் பொடி வகையெல்லாம் கரூர் அமராவதி ஆற்றிலும் மதுரைப் பக்கமும் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் ஏராளம், அங்கே அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலியும் அடித்திருக்கிறார்கள். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளைத் திரட்டி விரிவாக எழுதியிருக்கிறார். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துத் தங்கமும் வெள்ளியும்தான் நம் ஊரில் பேசப்படுகின்றன. கையில் தேய்ந்து தேய்ந்து, கடைத்தெருவில் புழங்கிய அடையாளத்தோடு இருக்கும் இந்தச் செப்புப் பொடிகளுக்கும் அந்த இடம் கிடைக்க வேண்டும்.

தோற்றது ஒன்று. குதிரைவீரன் காசு, கழுவும்போது நன்றாகத்தான் இருந்தது. காய்ந்து சில நாளில் ஓரத்தில் வெளிர்பச்சையாகப் பவுடர் மாதிரி பூத்தது, குச்சியால் தொட்டால் உதிர்ந்து அடியில் குழி தெரிந்தது. இதை வெண்கல நோய் என்பார்கள். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும். சாதாரணக் களிம்பு கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும், உதிராது, அதுதான் வித்தியாசம். சோடியம் செஸ்குவிகார்பனேட் 6 பவுண்டு, ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் 50 கிராம் போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை கரைசலை மாற்றி ஊறவைத்தேன். நின்றது, வெளியில் எடுத்து வைத்ததும் திரும்ப வந்தது. இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன். ஈரம் இல்லாவிட்டால் மெதுவாகும். காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை.

நல்ல காசுகளை அசிட்டோனில் முக்கி ஈரத்தை எடுத்தேன் (ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கம் போகாமல்), சில நாள் சிலிக்கா ஜெல்லோடு மூடி வைத்து, பவுடர் எதுவும் பூக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் ரெனசான்ஸ் மெழுகு பூசினேன். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகு, சின்ன டின் 12 பவுண்டு, விரல் நுனியில் தொட்டாலே ஒரு காசுக்குப் போதும். பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக அதிலிருந்து வரும் பிசுக்கு செம்பை அரிக்கும். மைலார் உறை நூறு 8 பவுண்டு, அசிட்டோன் 5. எல்லாம் கூட்டினால் காசோடு சேர்த்து 149 பவுண்டு. அதே பணத்துக்கு யாரோ சுத்தம் செய்து பெயர் எழுதிய நல்ல காசு ஐந்தாறு வாங்கியிருக்கலாம், ஆனால் அடிவரி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்காது.

அடுத்த பொட்டலத்தில் மாற்றப் போவது இவை. எண்ணெய் கிடையாது. நோய் இருக்கிறதா என்று பார்க்க, வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் ஈரமான பஞ்சோடு மூடிய டப்பாவில் வைத்து, பூப்பதைப் பிரித்துவிடுவேன், கழுவி முடித்த பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை. ஸ்கேல்பலை எடுத்தால் முதலில் அடிவரி, பிறகு கம்பங்களுக்கு நடுவே இருக்கும் குறி, பிறகு வாசகத்தின் கடைசி எழுத்துகள், முகம் கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். சரிந்த வெளிச்சத்தில் படம் எடுக்கச் செல்போனை ஆட்டாமல் பிடிக்க ஒரு சின்ன ஸ்டாண்டு வாங்க வேண்டும், ஒவ்வொரு நிலையிலும் ஒரே கோணத்தில் படம் இருந்திருந்தால் அந்த ‘பி’ இன்னும் முன்னாலேயே கண்ணில் பட்டிருக்கும். படிக்க வராத மூன்றையும் தூக்கிப் போடவில்லை. அளவும் எடையும் எழுதிய சீட்டோடு அவையும் அதே பெட்டியில், அடுத்த தடவை வேறு வெளிச்சத்தில் பார்க்க.